உப்பு நுழையும் இடுக்கு

"உப்புக்கு யாரும் வழி சொல்லிக் குடுக்க வேணாம்…" என்று நைனா ஏதோ சொல்வார். பின்பாதி எனக்கு மறந்துவிட்டது. முன்பாதியை வைத்துத்தான் பிழைத்தேன். வெளிநாட்டு ஆய்வுக்கூடமொன்றில் பல வருஷம் சிறுநீரகச் செல்களை வளர்த்து, அவற்றை உப்பு எப்படிக் கடக்கிறது என்று பார்ப்பது என் வேலை. இப்போது ஊர் திரும்பி, கடல்நீர் புகும் உப்பேரியின் கரையிலுள்ள கிளினிக்கில் ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கிறேன். தன் தொழிலைச் சொந்தக்காரர்களுக்கு விளக்கப் போய் வியர்த்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும்.

தட்டில் கொப்புளம்

செல்கள் கண்ணாடித் தட்டில் ஒற்றைப் படலமாய்ப் பரவி, ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும். மேலேயுள்ள உப்பை வாங்கி அடியில் தள்ளும். உப்பின் பின்னாலேயே தண்ணீரும் போகும். போன தண்ணீர் அடியில் தேங்க, படலம் அங்கங்கே கொப்புளமாய் எழும்பும். தூங்குகிறவரின் போர்வை மூச்சுக்கு உயர்வதுபோல இருக்கும். நேரம் போவது தெரியாமல் பார்த்திருக்கிறேன்.

விடுமுறைக்கு வந்தபோது அந்தக் கொப்புளங்களின் படத்தை அக்காவிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "இத்தப் பாக்கவா ஏரோப்பிளேன் ஏறிப் போன? என் தோசைக்கல்லுல தெனம் வருதுடா."

சந்து வழி

செல்லுக்கும் செல்லுக்கும் நடுவே இடுக்கு உண்டு. சிறுநீரகக் குழாயின் தொடக்கத்தில் அது தளர்வு. உப்பும் தண்ணீரும் சந்து வழியே நழுவிவிடும். கடைசிப் பகுதியில் இறுக்கம்; அங்கே செல்லே வாசல் திறந்துதான் உப்பை உள்ளே எடுக்கும். உடம்பில் உப்புக் குறைந்தால் ஹார்மோன் சேதி கொண்டுவரும், வாசல்கள் பெருகும். இதை ஒரு மத்தியானம் எங்கள் நர்ஸ் நூர்ஜஹானுக்குச் சொன்னேன்.

"எங்க மாமியார் வூடு மாதிரியே கீது சார். முன்கட்டுல யாரு வேணா வரலாம், சமையக்கட்டுக்கு அவங்க உத்தரவு வேணும்."

சேரக் கூடாது

தோணிரேவுக் குப்பத்து ஏகாம்பரம், ஏரியில் கழுத்தளவு தண்ணீரில் நின்று சேற்றைத் தடவி, கையாலேயே இறால் பிடிப்பவர். கால் வீங்கி, ரத்தக் கொதிப்போடு வந்தார். சிறுநீரகம் சோர ஆரம்பித்திருந்தது. டாக்டர் மருந்து எழுதினார். "உப்பு உடம்புல சேரவே கூடாது" என்று அழுத்திச் சொன்னது நான்.

மூன்று வாரம் கழித்து அவர் மனைவி முனியம்மா மட்டும் வந்தார். உப்புத் தண்ணீர் தோல் வழியே ஏறிவிடும் என்று ஏகாம்பரம் ஏரியில் இறங்குவதையே விட்டுவிட்டாராம். அந்த இறாலை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

"நீ சொன்ன ஒரு வார்த்தைக்குக் கரையில குந்திகினு கீறாரு சார். கருவாட்ட மட்டும் வுடல."

பல்லில் பறி

மறுநாள் போனேன். ஏரியும் வானமும் ஒரே வெளுப்பாய்க் கிடந்தன. கொக்குகள் எதன் மேல் நிற்கின்றன என்றே தெரியவில்லை. ஏகாம்பரம் தண்ணீரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தோலிலும் செல்கள் நெருக்கியடித்து நிற்கின்றன, நாளெல்லாம் நனைந்தாலும் உப்பு உள்ளே ஏறாது, கருவாட்டோடுதான் ஏறுகிறது என்றேன்.

பொறுமையாகக் கேட்டுவிட்டு, பக்கத்திலிருந்த ஓலைப்பறியை எடுத்துப் பல்லில் கவ்விக் காட்டினார். பிறகு கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டு கையும் சேத்துல. புடிச்சதப் போட பறி பல்லுல. அலை அடிச்சா ஒரு வாய் உள்ள போவுது. தோலப் பத்தி இவ்ளோ சொன்னியே சார், வாயப் பாத்தியா?"

உப்பு போகும் நுண்ணிய வழியையெல்லாம் பார்த்தவனுக்கு, வாய் ஒரு வழியாகவே தோன்றியிருக்கவில்லை.

அடுத்த நாள் காலை ஏகாம்பரம் பறியைக் கழுத்தில் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு ஏரியில் இறங்கினார்.