அப்பா எடுத்த பஸ்கி

பேரன் என் முழங்காலில் தேய்த்த நல்லெண்ணெயின் வாசம், திருமங்கலத்துக்கு மேற்கே எங்கள் ஊரில், இப்போது லாரிகள் நிற்குமிடத்தில் அன்றிருந்த மல்யுத்தக் கோதாவுக்கு என்னை இழுத்துப் போனது. பருத்தி மூட்டை விழுந்து இடுப்பு விட்டுப்போன அப்பா, விடியலில் அங்கே தொங்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்து, குந்தி எழுந்து ஒரே ஒரு பஸ்கி எடுப்பார். அடுத்த மாதம்தான் இரண்டாவது.

"இன்னும் எம்புட்டு நாளைக்கு?" என்று அம்மா அழுவாள்.

"அவசரப்பட்டா மறுபடி படுத்துருவேன் புள்ள. மெதுவாத்தான் வரும்."

இரண்டு வருஷத்தில் ஐம்பது எடுத்தார். அந்தக் கோடையில் தம்பிக்கு வாந்திபேதி கண்டது. வண்டி கிடைக்கவில்லை. அவனைத் தோளில் போட்டுக்கொண்டு ஐந்து மைல் தள்ளியிருந்த ஆஸ்பத்திரிக்கு அப்பா ஓடினார். வாசலிலேயே தம்பி போய்விட்டான். எத்தனையோ பேர் கேட்டும் கொடுக்காமல், திரும்பும் வழி முழுக்க அப்பாவே அவனைச் சுமந்து வந்தார்.