அட்டவணையில் இல்லாத மழைக்கோட்டு

எழுபதுகளின் கடைசியில் கல்முனையில் நான் வேலை பார்த்த கந்தோரில், சீருடை விதிகள் அடங்கிய பழைய ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடந்தது. வெள்ளைக்காரன் போகும்போது எடுத்துச்செல்ல மறந்த சாமான்களில் அதுவும் ஒன்று. அதில் யாரும் சட்டை போடுவதில்லை, ‘கிளாட்’ ஆகிறார்கள். சப்பாத்து மாட்டுவதில்லை, ‘ஷொட்’ ஆகிறார்கள். உடுப்புக்கு மட்டும் அப்பாரல், ரெய்மென்ட், கார்ப் என்று மூன்று சொற்கள். எல்லாவற்றையும் அகராதியில் பார்த்துப் பாடமாக்கியவன் அங்கே நான் ஒருவன்தான். பெருமை எனக்கு, பாடுபட்டவர் எங்கள் பியோன்.

அண்ணன் முறையில் நாங்கள் அவரைக் ‘காக்கா’ என்போம். தினமும் சைக்கிளில் சம்மாந்துறைக்குத் தபால் கொண்டுபோய், அங்கிருந்து வரும் தபாலோடு திரும்புவார். காரைதீவு தாண்டினால் வெறும் வயல்வெளி; மாரியில் ஒதுங்க ஒரு கூரை கிடையாது. இரண்டு முறை தபால் நனைந்து மை கரைந்துவிட்டது. யாழ்ப்பாணத்துக்காரரான எங்கள் அதிகாரி அவரைக் கூப்பிட்டுச் சொன்னார்:

“இன்னொருக்கா நனைஞ்சால் பொத்துவிலுக்கு மாத்திப்போடுவன்.”

பொத்துவில் வெகு தூரம்; அவரோ வீட்டில் கலியாணமாகாத மூன்று குமர்களை வைத்திருந்த மனிதர். நேரே என் மேசைக்கு வந்தார்.

“தம்பி, ஒரு மழைக்கோட்டுக்கு எழுதுங்களன்.”

எழுதினேன். மழைக்கோட்டு அட்டவணையில் இல்லை என்று கொழும்பிலிருந்து ஒரு வரியில் பதில் வந்தது. புரட்டிப் பார்த்தேன், உண்மைதான். ஆனால் ‘குளோக், ஒன்று’ என்று இருந்தது. தோளிலிருந்து தொங்கும் போர்வை அங்கி. போர்த்தியவன் நனையமாட்டான் என்று நானே தீர்மானித்து, பந்தி இலக்கம் காட்டி மறுபடி எழுதினேன்.

பொதி வந்தது. பிரித்தால் தடித்த கம்பளி. நுவரெலியாக் குளிருக்குத் தைத்தது.

“இதப் பாத்தா மழை பயந்து போயிருமா, தம்பி?”

“போடுங்க காக்கா. கேட்டு எடுத்த சாமானை உடுக்காட்டி விளக்கம் கேப்பாங்க.”

அடுத்த நாள் அடைமழை. திரும்பி வரும் வழியில் கம்பளி தண்ணீரைக் குடித்துக் குடித்துப் பாரமாகி, சைக்கிளோடு அவரை வாய்க்காலுக்குள் சாய்த்தது. தபால் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடியே விழுந்ததாகச் சொன்னார். வயலில் நின்ற ஒருவர்தான் தூக்கிவிட்டிருக்கிறார்.

பின்னேரம் அவர் வாசலில் வந்து நின்றபோது அதிகாரி கதிரையை விட்டு எழும்பிவிட்டார். வயற்காரர்கள் செய்வதுபோல, தண்ணீர் புகாத யூரியா உர பேக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் தள்ளித் தலையில் கவிழ்த்திருந்தார் பியோன். அது முழங்கால் வரை தொங்கியது.

“உதென்ன கோலம்?”

“வயல்ல நிண்டவர் தந்த சேர்.”

“தபால் எங்கை?”

பேக்குக்குள் நெஞ்சோடு அணைத்திருந்த பையை எடுத்து வைத்தார். கடித உறைகளில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அதிகாரிக்கு அது போதவில்லை.

“உது சீருடையில இல்லையே” என்று என்னைப் பார்த்தார்.

புத்தகத்தை அவர்முன் விரித்து, குளோக்குக்கு அடுத்த வரியில் விரலை வைத்தேன். ‘ஹூட், ஒன்று, உள்ளூரில் பெறலாம்.’

“தலையை மூடுறது சேர். இதுவும் உள்ளூரில பெற்றதுதானே.”

இரண்டு தரம் வாசித்தார். உறைகளைத் தடவிப் பார்த்தார். “சரி, ஹூட் எண்டு பதிஞ்சுவிடும்” என்றார். பொத்துவில் கதை அத்தோடு முடிந்தது.

ஒரு கிழமை கழித்து வீரமுனைப் பக்கம் உடைந்த வாய்க்கால் ஒன்றைப் பார்க்கப்போன அதிகாரி, காற்றில் மடங்கிய குடையோடு தெப்பமாகத் திரும்பினார். என் மேசைக்கு வந்து குரலைத் தாழ்த்தினார்.

“அந்தப் பேக்... எனக்கும் ஒண்டு பதியேலுமே?”

அட்டவணையைப் பார்த்தேன்.

“ஏலாது சேர். உங்கட தரத்துக்குத் தலைப்பாகைதான் போட்டிருக்கு.”