திரையின் மூலையில் வந்த செய்தி

2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் பன்னிரண்டாம் திகதி, சனிக்கிழமை, மாலை நாலரை மணிக்கு, வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டு முன்னறையில் அது தொடங்கியது. அண்ணா தன் மடிக்கணினியைத் தொலைக்காட்சியோடு இணைத்து, கணினிகளை ஊடுருவுவோரைப் பற்றிய படமொன்றைப் போட்டிருந்தார். நாங்கள் இருவரும் சனிக்கிழமைகளில் சேர்ந்து பார்ப்பவை அநேகமாக அந்த வகைப் படங்களே. அவர் ஒரு நிறுவனத்தின் கணினிகளைப் பராமரிப்பவர். நான் இலக்கியம் படிப்பவள். அவருக்கு அந்தப் படங்களின் பொய்கள் பிடிக்கும். எனக்கு அவற்றின் ஒழுங்கு பிடிக்கும். இருண்ட அறை, முகத்தை மறைக்கும் சட்டை, கடல்களுக்கு அப்பால் ஒரு பகைநாடு. எதிரி எப்போதும் வெளியில்தான் இருப்பான் என்ற உறுதியை அவை கைவிடுவதில்லை.

அன்றைய படத்தில் ஒரு நாடு இன்னொரு நாட்டின் மின்சாரத்தை விசைப்பலகையால் அணைத்தது. நகரம் இருண்டதும் மக்கள் அலறிக்கொண்டு வீதிகளில் ஓடினார்கள்.

"உதுக்கு ஏன் ஓடுகினம்?" என்றார் அண்ணா. "எங்கட ஆக்களெண்டால் மெழுகுதிரியைக் கொளுத்திப்போட்டு, எத்தினை மணிக்குக் கரண்ட் வருமெண்டு பக்கத்து வீட்டில கேட்டிருப்பினம்."

நான் சிரித்தேன். திரையில் நாயகன் வியர்த்து வழிந்தபடி ஒரு கடவுச்சொல்லை உடைத்துக்கொண்டிருந்தான். "இவ்வளவு கஷ்டப்படத் தேவையில்லை. நல்ல பிள்ளை மாதிரிக் கேட்டால் சனம் தானாவே தரும்" என்றார் அண்ணா. தொழில் தெரிந்தவரின் பகடி என்றே அதை எடுத்துக்கொண்டேன்.

அப்போது திரையின் கீழ் மூலையில் ஒரு சிறு பெட்டி எழுந்தது. அதில் என் தோழியின் படமும் இரண்டு வரிகளும் இருந்தன. 'திங்கள் புதுக்கடைக்கு நீயும் வாறியா? லோயரைத் தனியப் பாக்கப் பயமாக் கிடக்கு.' அதே கணத்தில் என் மடியில் கிடந்த கைப்பேசி அதிர்ந்தது. எனக்கு வந்த செய்தி அண்ணாவின் கணினியிலும் வந்திருந்தது.

அந்தத் தோழி தெஹிவளையில் இருப்பவள், என் வகுப்பு. முந்திய ஆண்டு அவளுக்குக் கனடா மாப்பிள்ளையோடு எழுத்து முடிந்திருந்தது. எங்களவர்கள் வழக்கமாகச் செய்வது அது: முதலில் சட்டப்படி பதிவு, விசா கிடைத்தபின் தாலி. காத்திருந்த மாதங்களில், தொலைபேசி வழியாகவே அவன் கோபத்தை அவள் அறிந்துகொண்டாள். பதிவை முறிக்க முடிவுசெய்து, நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியின் பெயரையும் விசாரித்து வைத்திருந்தாள். வீட்டில் எவருக்கும் தெரியாது. பரீட்சை முடிந்ததும் தகப்பனிடம் தானே சொல்வாள். இன்னொருவர் வாயால் அவர் அதைக் கேட்டுவிடக் கூடாது. அவள் என்னிடம் கேட்டுக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

"இது ஏன் உங்கட கணினியில வருது?" என்று கேட்டேன்.

அண்ணா பெட்டியை மூடினார். படத்தையும் நிறுத்தினார். "போன மாசம் ஃபோன் நிரம்பிப்போச்செண்டு திறந்து தந்தனீ எல்லே. அப்ப இதோட இணைச்சு விட்டனான்."

"என்னத்துக்கு?"

"அம்மாதான் கேட்டவ."

தேநீரோடு வந்த அம்மாவின் முகத்தில் கூச்சம் எதுவும் இல்லை. "உனக்கு ரெண்டு இடத்தில பேசிக்கொண்டிருக்கிறம். நாளைக்கு ஆரும் ஒண்டைச் சொல்லிப்போட்டால்? அதுதான் பாக்கச் சொன்னனான். உன்னில ஒரு பிழையும் இல்லை, பிள்ளை. எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமோ?"

நான் எழுதாத பரீட்சை ஒன்றில் என்னைச் சித்தியடைய வைத்திருந்தார்கள்.

"அவளின்ர விசயத்தை ஆருக்கும் சொன்னனீங்களோ?"

"நான் ஏன் சொல்லப்போறன்?" அம்மா கோப்பைகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். "நேற்று ஆடி வெள்ளிக்குக் கோயிலில அந்தக் கனடாப் பெடியன்ர சித்தியைக் கண்டனான். பிள்ளை சந்தோசமா இருக்கிறாளோ எண்டு ஒருக்கால் விசாரிச்சுப் பாருங்கோ எண்டன். அவ்வளவுதான்."

"அம்மா, அது சொன்ன மாதிரித்தான்" என்றார் அண்ணா.

"வாசிச்சுச் சொன்ன ஆள் கதைக்கிறார்."

அவர்கள் தங்களுக்குள் பழியைப் பங்குபோடட்டும் என்று நான் அண்ணாவையே பார்த்தேன். "எல்லாத்தையும் வாசிச்சனீங்களோ?"

"எல்லாம் இல்லை. மேலோட்டமா."

சில வாரங்களுக்கு முன் தோழிக்கு எழுதியிருந்தேன்: வீட்டில் நான் மனம்விட்டுக் கதைக்கக்கூடியவர் அண்ணா ஒருவரே என்று. அதையும் அவர் வாசித்திருப்பார். வாசித்துவிட்டு, அடுத்து வந்த சனிக்கிழமைகளிலும் என் பக்கத்தில் அமர்ந்து, மற்றவர்களின் இரகசியங்களைத் திருடும் மனிதர்களைப் பார்த்து என்னோடு சேர்ந்து சிரித்திருக்கிறார். அந்தச் சிரிப்பில் எது உண்மை என்று பிரித்தறிய முயன்றேன், முடியவில்லை. வாசித்ததை ஒருவேளை மன்னித்திருப்பேன். அந்த வரியை வாசித்த பிறகும் நிறுத்தாததை மன்னிக்க முடியவில்லை.

"படத்தைத் திரும்பப் போடவோ?" என்று அண்ணா தணிந்த குரலில் கேட்டார்.

என் கைப்பேசியில், இணைக்கப்பட்ட கருவிகள் என்ற பகுதியைத் தேடி அவருடைய கணினியை நீக்கினேன். தோழிக்கு ஒரு செய்தியைத் தட்டத் தொடங்கி அழித்தேன். அவளிடம் சொல்ல வேண்டியிருந்ததை எழுத்தில் அனுப்ப இனி எனக்குத் துணிவில்லை.

மறுநாள் காலை, அம்மா எழும்புமுன், காலி வீதியில் பஸ் ஏறி தெஹிவளைக்குப் போனேன். தோழி ஈரத் தலையோடு மாடிப்படியில் இறங்கி வந்தாள்.

"என்னடி, சொல்லாமக் கொள்ளாம?"

யார் வாசித்தார், யார் யாரிடம் சொன்னார் என்பதை வரிசைப்படி சொன்னேன். என் தரப்பு நியாயம் எதையும் சேர்க்கவில்லை. அவள் குறுக்கிடாமல் கேட்டாள். என் மீது கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அவளுக்கு அதற்கு நேரமிருக்கவில்லை.

"அவன்ர சித்தி எங்கட வீட்டுக்கு இன்னும் ஃபோன் எடுக்கேல்லை. அப்பா பேப்பர் பாத்துக்கொண்டிருக்கிறார்" என்றாள். "இப்பவே சொல்லவேணும்."

"நானும் வரட்டோ?"

"வேண்டாம். நீ போ."

அவள் மேலே ஏறிப்போனாள். கதவு சாத்தப்படும் ஓசை கேட்டது. நான் போகவில்லை. உள்ளிருந்து அவள் தகப்பனின் குரல் ஒருமுறை உயர்ந்து அடங்கும்வரை, அந்தப் படியிலேயே நின்றேன்.