போர்வையில் ஒரு மஞ்சள் கறை

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஸ்பிரிங்வெளிக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நடந்தது இது. அங்கே உயர்தர வகுப்பு மாணவர்களுக்கு ஆங்கில இலக்கியம் படிப்பிக்கிறேன். பதுளையிலிருந்து தினமும் பஸ், இறங்கியதும் ஏற்றம். முழங்கால் வலியைச் சொல்லி டவுனுக்கு மாற்றம் கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போயிருந்தது.

அந்த வருடப் பாடத்தில் ஒரு பழைய ஆங்கில நாடகம். ஒரு பிரபு தன் வறட்டுக் கௌரவத்துக்காக மகனை வாள் சண்டைக்கு அனுப்புகிறார். மகன் செத்துப்போகிறான். தாய் ஒரு வெள்ளைப் போர்வையால் அவன் முகத்தை மூடுகிறாள். அதோடு நாடகம் முடிகிறது. கருப்பொருள் கௌரவம், தாய் வாயில்லாப் பாத்திரம், போர்வை மரணத்தின் குறியீடு என்று கரும்பலகையில் எழுதிப்போட்டேன். பிள்ளைகளும் கேள்வி கேட்காமல் எழுதிக்கொண்டார்கள். கேட்டிருந்தாலும் பதில் சொல்ல எனக்குத் தெம்பு இருந்திருக்காது.

தவணை முடிவில் கடைசிக் காட்சியை நடித்துக் காட்டுவதாகச் சொன்னார்கள். மறுத்துப் பேச அலுப்பாக இருந்ததால் சரி என்றேன். போர்வையை மட்டும் என் வீட்டிலிருந்து கொண்டுபோனேன்.

அன்று பின்னேரம் மழை. பறித்த கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் தாய்மார் வந்து உட்கார்ந்தார்கள். வசனமெல்லாம் ஆங்கிலம். ஒருவருக்கும் புரியாது, இருமிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். மகனாக நடித்த பையன் விழுந்து, போர்வை அவன்மேல் ஏறியதும் மண்டபத்தில் சத்தமே இல்லை. திரை மூடியது. யாரும் கை தட்டவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. எனக்கோ கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

அந்தப் பையனின் அம்மா வந்து குறுக்கே நின்றார்.

"டீச்சர், புள்ளைய அப்பிடியே போட்டுட்டுப் போறீங்களே."

"நாடகம்தானேம்மா. அவன் உள்ள சிரிச்சுக்கிட்டு நிப்பான்," என்றேன். குரலில் எரிச்சல் இருந்திருக்க வேண்டும்.

"தெரியுங்க. நம்ம காமன் கூத்துல காமன எரிக்கிறதும் கூத்துதானுங்க. ஆனா மூணாம் நாளு எழுப்பித்தானே விடுவோம். கூத்துல விழுந்தவன கூத்துலயே எழுப்பணும்."

நாடகத்தில் அப்படி இல்லை, பரீட்சைக்கு அப்படி வராது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"மூத்தவன மண்ணு சரிஞ்சு மூடிருச்சுங்க, போன மழையில. வெளிய எடுத்து வெள்ளத் துணியில மூடிக் குடுத்தாங்க. அவனத்தான் எழுப்ப முடியல. இவன எழுப்பி என் கையில குடுத்துட்டுப் போங்க."

அந்தப் பையனுக்கு ஒரு அண்ணன் இருந்ததே எனக்குத் தெரியாது. பையைக் கீழே வைத்தேன்.

திரையை மறுபடியும் திறந்தோம். பையன் பழையபடி படுத்துக்கொண்டான், போர்வையை மூடினார்கள். யாரோ ஒரு செம்பில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அம்மா மேடையேறி, போர்வைமேல் மூன்று தரம் தெளித்தார்.

"எந்திரிச்சு வா சாமி. விடிஞ்சிருச்சு, எந்திரிச்சு வா."

அவன் சிரிக்கவில்லை. போர்வையை விலக்கி எழுந்து, அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அப்போதுதான் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை, அழுதுகொண்டிருந்தேன்.

பஸ் போய்விட்டது. தொழிலாளர் லயத்தில் இருந்த அந்த அம்மாவின் வீட்டில் இஞ்சி போட்ட தேத்தண்ணி குடித்துவிட்டு, அவர்கள் பிடித்துத் தந்த ஆட்டோவில் வீடு வந்தேன்.

மாற்றம் இன்னும் கிடைக்கவில்லை. அதே நாடகம், அதே நோட்ஸ். போர்வை மரணத்தின் குறியீடு என்றுதான் இப்போதும் கரும்பலகையில் எழுதுகிறேன், பிள்ளைகளுக்கு மார்க்ஸ் வேண்டுமே. ஆனால் அந்தப் போர்வையைத்தான் நான் தினமும் போர்த்திப் படுக்கிறேன். மஞ்சள் கறை போகவில்லை, போக்கவும் மனம் வரவில்லை. விடியற்காலையில் முழங்கால் வலித்து, இன்றைக்கு லீவு போட்டால் என்ன என்று சுருண்டு கிடக்கும்போது அந்தக் கறை கண்ணில் படும். அந்த அம்மா என்னையும்தான் கூப்பிடுகிறார் என்று எழுந்து பஸ்ஸுக்குப் போய்விடுவேன்.