எழுதியவரின் நோக்கம்

இன்பசேகரன் ஒரு கல்யாணப் பத்திரிகையைக்கூடச் சும்மா வாசிக்க மாட்டார். மணமகளின் அம்மா பெயர் ஏன் சின்ன எழுத்தில் இருக்கிறது, மாமாவின் பட்டம் யாருக்காக என்று கேட்பார். சாப்பாட்டுக்குப் போகத்தான் பத்திரிகை என்று நினைத்திருந்த எங்களுக்கு இது பேஜாராக இருந்தது. 1996இல் நெமிலியிலிருந்து வந்து, ஆம்பூரில் எங்கள் கல்லூரியின் எம்.ஏ. ஆங்கில மாணவர்களுக்கு விமர்சனக் கோட்பாடு நடத்தத் தொடங்கினார். நான் டோரதி, பக்கத்து வகுப்பில் இலக்கணம் நடத்துபவள். நடுவில் பாதிச் சுவர்தான். அவர் மாணவர்களைவிட நான்தான் அவர் பாடத்தை அதிகம் கேட்டேன்.

"எழுதினவரு என்ன நெனச்சாருங்கிறது நமக்கு வேணாம். எதைச் சொல்லாம விட்டாரு, அதைப் பாருங்க."

இதுதான் அவருடைய மொத்த வேதம். வருடம் முழுக்க இதையே வேறு வேறு பெரிய பெயர்களில் நடத்துவார்.

இவ்வளவு பெரிய புரட்சிக்காரர் ஆறு வருடமாகத் தற்காலிக விரிவுரையாளர். வேலூரில் நர்ஸாக இருந்த இவாஞ்சலினை அவருக்குப் பேசி வைத்திருந்தார்கள். வேலை நிரந்தரமானால்தான் கல்யாணம் என்று பெண் வீட்டில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். நிரந்தரமாக்க வேண்டியவர் தாளாளர் நிசார் அஹமது, இரண்டு தோல் தொழிற்சாலைகளின் முதலாளி. நிறுவனர் நாளில் அவர் வாசிக்கும் ஆங்கில உரையை எழுதித் தருவது எங்கள் துறையில் இளையவர் தலையில் விழும் வேலை. இன்பசேகரன் அதைச் சந்தோஷமாகவே தலையில் வாங்கிக்கொண்டார். மாணவர்களுக்கு இது தெரியாது.

2002இல் உரை பிரமாதம். பாலாறு நம் தாய், தொழிலாளர்கள் எல்லாரும் ஒரே குடும்பம். வாசித்த தாளாளரே கண் கலங்கிவிட்டார். ஜூனில் ஆர்டர் வந்துவிடும் என்று அலுவலகத்தில் பேச்சு. அந்த மகிழ்ச்சியில் இன்பசேகரன் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்: சமீபத்தில் கேட்ட ஓர் உரையை விமர்சித்து எழுதுங்கள். அவர்கள் சமீபத்தில் கேட்டது எந்த உரை என்று யோசிக்க அவருக்குத் தோன்றவில்லை. கோட்பாட்டின் உயரத்திலிருந்து இதெல்லாம் தெரியாது போல.

வகுப்பே சேர்ந்து அந்த உரையைக் கிழித்தது. எல்லாரையும்விட நன்றாகக் கிழித்தவள் முபஷ்ஷிரா, தாளாளரின் மகள். பாலாறு தாய் என்றால் நம் தெருவுக்குத் தண்ணீர் ஏன் லாரியில் வருகிறது, ஒரே குடும்பத்தில் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் கையுறை இல்லாமல் இறங்குவது மட்டும் ஏன் சிலர் என்று கேட்டிருந்தாள். ஆறு வருடத்தில் இப்படி ஒரு கட்டுரை வந்ததில்லை என்று இன்பசேகரனே என்னிடம் சொன்னார். சொல்லிவிட்டு இருபதுக்கு ஏழு போட்டார். மார்க் கம்மியானால் வீட்டில் காட்ட மாட்டாள் என்பது அவர் கணக்கு. காரணம் வேண்டுமே என்று ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினார்: 'எழுதியவரின் நோக்கம் புரிந்துகொள்ளப்படவில்லை.'

பேப்பரைத் திருப்பிக் கொடுத்த மறுநாள், சுவருக்கு அந்தப் பக்கம் முபஷ்ஷிரா எழுந்தாள்.

"சார், நோக்கம் நமக்கு வேணாம்னு நீங்கதான சொன்னீங்க? சரின்னு அப்பாகிட்ட பேப்பரக் காட்டி, உங்க நோக்கம் என்னான்னு கேட்டேன்."

நான் சாக்பீஸைக் கீழே வைத்தேன்.

"சிரிச்சாரு சார். 'எனக்கு இன்னா தெரியும், எழுதிக் குடுத்தது உங்க சாரு, அவரையே கேளு'ன்னு சொல்ட்டாரு. சொல்லுங்க சார், என்ன நோக்கம்?"

எனக்குப் பாவமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தேன். இன்பசேகரன் அவளிடமிருந்து பேப்பரை வாங்கி, ஏழுக்கு முன்னால் ஓர் ஒன்று போட்டார். திருப்பிக் கொடுத்தார்.

"வேல பர்மனென்ட் ஆவணும்மா," என்றார். "அது ஒண்ணுதான் நோக்கம்."