ஜெயா ஏறிய வண்டியில் நானும் ஏறினேன்

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு போட்டோ. என் கொழுந்தன் மனைவி ஜெயா, அதாவது என் ஓர்ப்படியாள், பொங்கல் கழிந்த வாரம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டாள். கடற்கரை மணலில் நான்கு தடித்த சக்கரம் வைத்த பைக், ஏடிவி என்கிறார்களே, அது. ஓட்டுகிற இடத்தில் அவள், பின்னால் அவள் கணவன். கறுப்புக் கண்ணாடி வேறு. சொந்தக்காரர்கள் இதயமாகப் போட்டுத் தள்ளினார்கள். நான் ஒன்றும் போடவில்லை. ஆனால் அந்தப் படத்தை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது பெரிதாக்கிப் பார்த்தேன். ஜெயா எதைச் செய்தாலும் எனக்கு வயிறு எரியும். இதை இங்கே மறைத்துப் பயனில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை 5.40க்குத் தூத்துக்குடியிலிருந்து எங்கள் ஸ்கூட்டரில் கிளம்பினோம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். இரவு ஷிப்ட் முடித்து வந்த மனிதரைத் தூங்கவிடாமல் கிளப்பினேன். ஆத்தூர்ப் பாலம் தாண்டும்போது வாழைத்தோட்டத்துக் குளிர் முகத்தில் அடிக்கும், ஸ்வெட்டர் வைத்துக்கொள்ளுங்கள். திருச்செந்தூர் 40 கிலோமீட்டர், 6.50க்குப் போய்விட்டோம். இரண்டு டீ, நான்கு வடை, 64 ரூபாய். அங்கிருந்து மணப்பாடு 18 கிலோமீட்டர். மேட்டில் இருக்கிற சிலுவைக் கோவிலைக் காலையில் பாருங்கள், வெயில் ஏறினால் கால் பொசுங்கும். நான் நிதானமாகப் பார்க்கவில்லை. என் மனசு முழுக்க அந்த வண்டியில் இருந்தது.

ஜெயா ஏறிய அந்த வண்டி இருந்தது மணப்பாட்டில் இல்லை, திரும்புகிற வழியில் வேறொரு கடற்கரையில். ஊர்ப் பெயரை எழுதவில்லை, ஊர்மேல் தப்பில்லை. 10.20க்குப் போனோம். பத்து நிமிடத்துக்கு 300 ரூபாய். ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள், என்ன எழுதியிருந்தது என்று நான் வாசிக்கவில்லை. ஹெல்மெட் தரவில்லை. பெருவிரலால் அழுத்தினால் வேகம், இதுதான் பிரேக் என்று காட்டியதோடு பயிற்சி முடிந்தது.

"ரெண்டு பேரு ஏறலாமா?" என்று இவர் கேட்டார்.

"தாராளமா ஏறுங்க அண்ணாச்சி. தெனமும் ஏறுதாங்க, ஒண்ணும் செய்யாது" என்றார் வண்டிக்காரர்.

"ஏளா, நான் முன்னால இருக்கேன், நீ பின்னால உக்காரு" என்றார் இவர். நான் விடவில்லை. ஜெயா ஓட்டினாள், நானும் ஓட்ட வேண்டும். மணல் மேட்டில் பாதி ஏறியதும் பயந்துபோய் பிரேக்கைப் பிடித்தேன். நிற்கவில்லை. வண்டி பின்னால் சறுக்கிப் பக்கவாட்டில் கவிழ்ந்தது. நான் மெத்தென்று மணலில் விழுந்தேன். வண்டி அவர் வலது தோளின்மேல் விழுந்தது.

பக்கத்து அரசு மருத்துவமனைக்கு ஆட்டோவில் 25 நிமிடம். தோளை ஒட்டிய காறை எலும்பும் வலது மணிக்கட்டும் முறிவு. பதிவேட்டில் எழுதிக்கொண்டே டாக்டர், எப்படி அடிபட்டது என்று கேட்டார். எனக்கு அந்த நேரத்திலும் ஜெயா முகம்தான் வந்தது. "ஓட்டத் தெரியாம எதுக்குக்கா ஏறுனீங்க" என்று கேட்பாளே. "பாறையில வழுக்கி விழுந்துட்டாங்க" என்றேன். இவர் வலியில் தலையை மட்டும் ஆட்டினார். சாயங்காலம் நர்ஸ் மறுபடி கேட்டபோதும் பாறை என்றே சொன்னேன்.

கிரேனை இயக்குகிற கை வலது கை. மூன்று மாதம் கழித்துத்தான் துறைமுகத்தில் தகுதிச் சான்று கொடுக்க முடியுமா என்றே பார்ப்பார்களாம். கை பழையபடி திரும்பாவிட்டால் அந்த வேலை இல்லை. நஷ்டஈடு கேட்க வழி உண்டா என்று ஒரு வக்கீல் அம்மாவிடம் போனோம். அவர் சொன்னதை உங்களுக்காக அப்படியே எழுதுகிறேன். பொறுப்பில்லை என்று தாளில் கையெழுத்து வாங்கினாலும் கவனக்குறைவுக்கு வண்டிக்காரர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். நம்பர் பிளேட்டும் இன்ஷூரன்ஸும் இல்லாத வண்டி என்பதால் மோட்டார் விபத்து நீதிமன்றத்தில் இழுபறி ஆகலாம். நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். போலீஸில் மனு கொடுத்து ரசீது வாங்கியே தீர வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு மருத்துவமனைப் பதிவின் நகலைப் பார்த்தார்.

"பாறைன்னுல்லா எழுதிருக்கும்மா. வண்டியே இல்லன்னு சொல்லிருவாங்களே. போட்டோ ஏதாவது எடுத்தீங்களா?"

நாங்கள் எடுக்கவில்லை, எடுப்பதற்குள் கவிழ்ந்துவிட்டோம். ஜெயாவின் படத்தைக் காட்டினேன். அவர் பெரிதாக்கிப் பார்த்தார். வண்டியின் முன்பக்கம், ஒருவர் மட்டும் ஏறலாம் என்று படம் போட்ட ஸ்டிக்கர். நாங்கள் போனபோது அந்த இடத்தில் கட்டண அட்டையை ஒட்டியிருந்தார்கள். நான் இத்தனை நாளும் கண்ணாடியையும் சேலையையும்தான் பார்த்திருக்கிறேன். "இந்தப் பொண்ணு சாட்சி சொல்லுவாங்களா?" என்று கேட்டார் வக்கீல்.

ஜெயா வீட்டுப் படியேறியது இந்தப் பயணத்தின் மிக நீளமான தூரம். நடந்ததைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "நாளைக்கே வாரேன்க்கா" என்றாள். ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

போகிறவர்களுக்கு: பிரேக்கை நிற்கிற இடத்திலேயே பிடித்துப் பாருங்கள். ஹெல்மெட் இல்லையென்றால் ஏறாதீர்கள். ஒருவருக்கான வண்டியில் இருவர் ஏற வேண்டாம். ஏறுமுன் வண்டியையும் கட்டண அட்டையையும் படம் எடுங்கள், பணத்தை போன் வழியாகக் கட்டுங்கள். நாங்கள் ரொக்கமாகக் கொடுத்ததால் அதற்கும் ஆதாரம் இல்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால் நடந்ததைச் சொல்லுங்கள்.

மறுநாள் வக்கீல் அலுவலகத்தில் என் பிரமாணப் பத்திரம் தயாராக இருந்தது. மருத்துவமனையில் ஏன் தவறாகச் சொன்னேன் என்கிற இடத்தில் 'பதற்றத்தில்' என்று டைப் அடித்திருந்தார்கள். ஜெயா வாசித்தாள்.

"பதட்டம்னா சாயங்காலமும் ஏன் அதையே சொன்னீங்கன்னு கேப்பாங்கக்கா. உள்ளதப் போடுங்க. எம்மேல உள்ள பொறாமைன்னு போடுங்க. எனக்குத் தெரியாதா?"

வக்கீல் என்னைப் பார்த்தார். போடுங்கள் என்றேன். திருத்தி அடித்துத் தந்ததும் கையெழுத்துப் போட்டேன். ஜெயா தன் சாட்சிப் பத்திரத்தில் போட்டாள், அவள் கையெழுத்து என்னுடையதைவிட அழகு. இவருடைய புகார் மனுவுக்கு மைப்பெட்டி வந்தது. கப்பலிலிருந்து கன்டெய்னர் இறக்குகிற மனிதர், இடது பெருவிரலை மையில் வைத்துக் கைநாட்டு வைத்தார். பிறகு என் தாளை இழுத்து அந்த வரியை இரண்டு தடவை வாசித்தார்.

"ஏளா, இதுக்காகவா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.