தங்கச்சியைக் கீழே அனுப்பிய ஆட்டம்

சில வருஷங்களுக்கு முன், கனடாவில், ஸ்காபரோவில் எங்கள் வீட்டில் ஒரு ஞாயிறு மாலை. ஐஸ் ஹொக்கி பிளேஓஃபில் வாழ்வா சாவா ஆட்டம். தோற்றால் எங்கள் ஊர் அணிக்கு அந்த வருஷம் அத்தோடு சரி. இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நாங்கள் நாலு நண்பர்கள். எல்லோரும் படித்து, பக்கத்து மார்க்கம் நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஆட்கள். ஆனால் பிளேஓஃப் வந்தால் ராசிப் பைத்தியங்கள். நான் ஜேர்சியைத் தோய்க்கமாட்டேன், ஒருவன் தாடி எடுக்கமாட்டான், சோபாவில் இடம்கூட மாறமாட்டோம்.

கணவனை இழந்த என் தங்கச்சி அப்போது எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில், பேஸ்மென்றில் இருந்தாள். எட்டு மாதமாக ஆட்களுக்கு முன்னால் வராதவள், அன்று தானாகவே ரோல்ஸ் பொரித்து மேலே கொண்டுவந்தாள். எனக்குச் சந்தோஷம். அப்போது எங்கள் அணி இரண்டு கோல் முன்னுக்கு நின்றது. தட்டை வைத்துவிட்டு நின்று பார்த்தாள், எதிரணி கோல் போட்டது. சோஸ் எடுத்துக்கொண்டு திரும்ப வந்தாள், இன்னொன்று. ஆட்டம் சமநிலை.

"மச்சான், உன்ரை தங்கச்சி வரேக்கைதான்ரா ரெண்டும் விழுந்தது," என்றான் தாடிக்காரன். அவள் பொரித்த ரோல்ஸ்தான் அவன் வாயில் இருந்தது.

கன்னத்தைப் பொத்தி ஒன்று விட்டிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? பல்லைக் காட்டிச் சிரித்தேன். பிறகு அவளிடம், "நீ கொஞ்சம் கீழை போய் இரு பிள்ளை, மட்ச் முடியட்டும்," என்றேன்.

"ஓம் அண்ணை," என்று இறங்கிப் போனாள்.

மேலதிக நேரம். முதல் கோல் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. எதிரணிக்காரன் ஒருவன் குறிகூடப் பார்க்காமல் அடித்தான். பக், அந்த ரப்பர் வட்டு, எங்கள் ஆளின் ஸ்கேற்றிலேயே பட்டுத் திரும்பி எங்கள் வலைக்குள் போய்விட்டது. ஒரு வருஷ உழைப்பு அந்த ஒரு தெறிப்பில் போச்சு. யார் வீட்டில் யார் நிற்கிறார் என்று அந்த ரப்பர் துண்டுக்குத் தெரியுமா?

நண்பர்கள் போனபிறகு கீழே இறங்கினேன். ரிவி அணைந்திருந்தது. என்னைக் கண்டதும் அவள் எழும்பி நின்றாள். நான் வாய் திறக்கமுன்னமே சொன்னாள்:

"அண்ணை, நான் ஃபோன்லைகூடப் பாக்கேல்லை. சத்தியமா."

மன்னிப்புக் கேட்டேன். "உதுக்கென்ன அண்ணை," என்றாள். அதற்குப் பிறகு ஒரு ஆட்டத்துக்கும் அவள் மேலே வரவில்லை. பக் தெறித்ததற்கு அதிர்ஷ்டத்தைத் திட்டலாம். அவளைப் படியிறக்கியது என் வாய், அந்த வாயின் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.